உரிமையாளரின் அனுமதி தேவை

பிளம்பரை அந்தக் கம்பெனியில் எல்லோரும் எழுந்து நின்று கைகுலுக்கி வரவேற்றார்கள். அவருக்கு அங்கே முதலில் பிடித்துப்போன விஷயம் அதுதான். அடைத்துக்கொண்ட கழிவறையைச் சரிசெய்துவிட்டு வரும் ஆளின் கையைப் பிடித்துக் குலுக்க ஊரில் யாரும் அவ்வளவாக ஆசைப்படுவதில்லை. கூலியைக்கூட ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள்தான் அதிகம். இங்கேயோ கோட்டு போட்டவர்களும் வாசனை பூசியவர்களும் வரிசையில் நின்று கை நீட்டினார்கள். "கிளையன்ட் வந்துட்டார்" என்று ஒருவர் உள்ளே பார்த்துச் சொன்னார். தம்மைத்தான் சொல்கிறார் என்பது பிளம்பருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவன் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளிக்கூடப் பையோடு அக்கா வீட்டுக்கு வந்தவன். பிளம்பருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது என்றுதான் அவர் நினைத்தார். பையனுக்குக் கம்ப்யூட்டரில் நாட்டம் என்று தெரிந்ததும் சாப்பாட்டு மேசையின் பெரும்பகுதியை அதற்கே விட்டுக் கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். படிப்பு முடிந்ததும் அவன் மாமாவுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். அதில் பிளம்பர் கையில் பெரிய ரெஞ்சுடன், யாரையோ அடிக்கப் போகிறவர் போல நின்றார். செல்போனில் யாராவது "பாத்ரூம் அடைப்பு" என்று தேடினால் அந்தப் படம்தான் முதலில் வந்து நிற்கும். போன் ஓயாமல் அடித்தது. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் போனைக் காதில் வைத்துக்கொள்ளப் பழகினார் பிளம்பர். பார்க்கிறவர்களிடமெல்லாம் "எல்லாம் என் மச்சான் கைவேலை" என்பார்.

பிறகு மைத்துனனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. வாடிக்கையாளர்களின் வெப்சைட்டுகளைத் தேடலில் மேலே ஏற்றிவிடுவதும், எவ்வளவு மேலே ஏறியிருக்கின்றன என்று மாதாமாதம் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டுவதும் கம்பெனியின் தொழில். ஏற்றுகிற வேலைக்கு ஓர் அறை இருந்தது. வாசிக்கிற வேலைக்கு ஒரு மாடி முழுவதும் இருந்தது. சேர்ந்த புதிதில் ஆள் பிடித்துத் தர வேண்டும் என்பது அங்கே விதி. மைத்துனன் மாமாவைப் பிடித்துத் தந்தான்.

"நம்ம கம்பெனி மாமா. நானே இருந்து பாத்துக்குவேன்" என்றான். வெப்சைட்டில் இனிமேல் கம்பெனியின் நம்பர் இருக்கும் என்றும், எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு என்றும், அழைப்பு சுற்றி வந்து மாமாவின் போனிலேயே அடிக்கும் என்றும் விளக்கினான். தண்ணீர் எந்தக் குழாயில் சுற்றினாலும் வீட்டுத் தொட்டிக்கு வந்தால் சரி என்று பிளம்பர் ஒப்புக்கொண்டார்.

அறிக்கை வாசிக்கும் அறையில் விளக்கைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். திரைக்குப் பக்கத்தில் அறிக்கை அதிகாரி நிற்பாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து உறவுக்காரர்களிடம் பேசுகிற நர்ஸின் குரல் அவளுக்கு. ஒவ்வொரு வரியாக வாசிப்பாள். திரையில் பச்சை அம்பு மேல்நோக்கி எழும்பினால் எல்லோரும் கைதட்ட வேண்டும். சிவப்பு அம்பு கீழ்நோக்கி இறங்கினால் அதற்கு இறக்கம் என்று சொல்லக் கூடாது. "இந்த இடத்துல உங்க வளர்ச்சி ஓய்வெடுக்குது" என்பாள். அதற்கும் கைதட்டுவார்கள், ஆனால் மெதுவாக, தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோல.

முதல் சில மாதங்கள் பிளம்பரும் தட்டினார். பிறகு போன் அடிப்பது குறைந்தது. அம்புகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. ஒரு வாசிப்பின் முடிவில் கேள்வி நேரம் என்று அறிவித்தார்கள். யாரும் கேட்பதில்லை என்பது அந்த நேரத்தின் மரபு. அது தெரியாத பிளம்பர் எழுந்து, அம்பெல்லாம் மேலே போகிறதே, போன் மட்டும் ஏன் அடிக்க மாட்டேன் என்கிறது என்று கேட்டுவிட்டார்.

கம்பெனியின் இயக்குநர் தாமே எழுந்து வந்து பதில் சொன்னார். ஒல்லியான மனிதர். பேசும்போது இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல வைத்துக்கொள்வார்.

"சார், போன் அடிக்கிறதுங்கிறது பழைய காலத்து அளவு. போன் அடிச்சா என்ன ஆகும்? நீங்க வேலைக்குப் போகணும். வேலைக்குப் போனா களைப்பு. நாங்க உங்களுக்குக் குடுக்கிறது அதுக்கும் மேல. ஊர்ல அத்தனை பேரும் உங்களப் பாக்கிறாங்க. கூப்பிடல, ஆனா பாக்கிறாங்க. அந்தப் பார்வைக்கு நாங்கதான் பொறுப்பு."

அறை அதிரக் கைதட்டல் எழுந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த மைத்துனனும் தட்டினான்.

பார்வையை இன்னும் பெருக்குவதற்காக வெப்சைட்டில் கட்டுரைகள் சேர்த்தார்கள். பிளம்பரின் பெயரில், பிளம்பரின் படத்துக்குக் கீழே, அவர் எழுதாத கட்டுரைகள் வந்தன. "அடைப்பும் மன அமைதியும்" என்று ஒன்று. "கழிவுநீர்: ஒரு வரலாற்றுப் பார்வை" என்று இன்னொன்று. குழாய்க்குள் தண்ணீர் என்ன நினைக்கிறது என்று மூன்றாவது. அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். அங்கே வந்த நோயாளி ஒருவர் அந்தக் கட்டுரையைப் படித்துக் கண்கலங்கியதாகச் சொன்னார் என்று வந்து சொன்னாள். அந்த வாரம் பிளம்பருக்கு வந்த அழைப்பு ஒன்றே ஒன்று. கல்லூரி மாணவி ஒருத்தி, வரலாற்றுப் பார்வை கட்டுரைக்கு ஆதாரமான நூல்கள் எவை என்று தெரிந்துகொள்ளக் கூப்பிட்டிருந்தாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனை வைத்தார்.

வேலை இல்லாமல் தெருவில் நின்ற அவருடைய வேனில் தூசி ஏறியது. கூட வேலை பார்த்த ஆள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனான். பிளம்பர் குறை சொல்லவில்லை. மச்சானிடம் கேட்டபோதெல்லாம் அவன், "பொறுங்க மாமா, தேடல்ல எல்லாம் அலை மாதிரி, திரும்பி வரும்" என்றான். பொறுத்தார்.

பொறுமையை உடைத்தது ஒரு டீச்சர். கடைத்தெருவில் பிளம்பரை மறித்துக்கொண்டு நின்றார். படத்தில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டுகொண்டாராம். போன வாரம் வந்த உங்கள் ஆள் தரையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போனான், அடைப்பும் போகவில்லை, கேட்டால் மரியாதை இல்லாமல் பேசுகிறான் என்று நாலு பேர் பார்க்க வெளுத்து வாங்கினார். தமக்கு இப்போது ஆளே இல்லை என்று பிளம்பர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பொய் வேற சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார் டீச்சர்.

வேறு யாரையோ கூப்பிட்டுவிட்டுத் தம்மைத் திட்டுகிறார் என்று பிளம்பர் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனாலும் மறுநாள் கம்பெனிக்குப் போய், அறிக்கையில் வரும் எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டார்.

அறிக்கை அதிகாரிக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. எண்கள் தன்னிடமிருந்துதான் வருகின்றன என்றாள். ஒவ்வொரு மாதமும் வாடிக்கையாளரின் முகத்தை மனதில் நிறுத்திக்கொண்டு, அவர் எவ்வளவு தாங்குவார் என்று பார்த்து எழுதுவாளாம். தேடல் நிறுவனமே எல்லா வெப்சைட்டுக்கும் நிஜக் கணக்கு தருகிறதே, யார் தேடினார்கள், யார் உள்ளே வந்தார்கள், யார் நம்பரை அழுத்தினார்கள் என்று, அதை அப்படியே அறிக்கையில் இணைத்துவிட்டால் என்ன என்று கேட்டார் பிளம்பர். இப்படி ஒன்று இருப்பதாக என்றைக்கோ மச்சான்தான் அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

அந்தக் கோரிக்கை மாடியெல்லாம் ஏறி இறங்கியது. கடைசியில் இயக்குநர் சம்மதித்தார். ஆனால் நிஜக் கணக்கைப் பச்சையாகப் பார்த்தால் வாடிக்கையாளர்களுக்குச் செரிக்காது, மயங்கி விழுந்தவர்கள்கூட உண்டு, அதனால் முன்கூட்டியே மனதைப் பழக்க வேண்டும் என்று "தரவு ஏற்புப் பயிற்சி"க்கு அனுப்பினார். பிளம்பரோடு பயிற்சிக்கு வந்த இன்னொருவர் மெத்தைக் கடைக்காரர். இருவரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். எண்ணைப் பார்த்தவுடன் அதற்கு அர்த்தம் தேடக் கூடாது, எண் வரும், எண் போகும், நாம் சாட்சியாக இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னார். மெத்தைக் கடைக்காரர் அப்படியே தூங்கிவிட்டார். மிகச் சிறப்பாக ஏற்றுக்கொண்டவர் என்று அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. கண்ணை இடையிடையே திறந்து பார்த்த பிளம்பருக்கு "தேர்ச்சி, ஆனால் கவனிக்கப்பட வேண்டியவர்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இணைப்பு நாள் வந்தது. இந்தக் கம்பெனியின் வரலாற்றில் ஒரு வாடிக்கையாளரின் அறிக்கையோடு நிஜக் கணக்கு இணைக்கப்படுவது இதுவே முதல் தடவை என்பதால் எல்லாப் பிரிவினரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளிப்படைத்தன்மையைப் பற்றி இயக்குநர் உருக்கமாகப் பேசினார். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாத கம்பெனியால்தான் இவ்வளவு காலம் தாமதிக்க முடியும் என்றார். மைத்துனன் முன்வரிசையில் புதுச் சட்டையோடு இருந்தான். பிளம்பர் அவனைப் பார்த்துச் சிரித்தார். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொத்தானை அழுத்தும் கௌரவம் வெப்சைட்டுக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் பிளம்பருக்கு. மவுஸை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. அதன் கீழே ஒரு வரி எழுந்தது: "இணைக்க, உரிமையாளரின் அனுமதி தேவை. உரிமையாளருக்குத் தகவல் அனுப்பப்பட்டுள்ளது."

பிளம்பர் தம் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தார். அது சும்மா இருந்தது. முன்வரிசையில் ஒரு போன் "டிங்" என்றது.

மைத்துனன் தன் பையிலிருந்த போனைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அனுமதி வரவில்லை என்பதால் அந்த இயந்திரம் தன் கடமையை மறக்காமல் மறுபடியும் ஒரு தடவை "டிங்" என்றது.

"உன் பேர்லயா இருக்கு?" என்று கேட்டார் பிளம்பர். குரலில் கோபம் இல்லை. ஏதோ தவறு நடந்திருக்கிறது, பையன் சொல்லிவிடுவான் என்றே அப்போதும் நினைத்தார்.

"ஒரு வசதிக்காகத்தான் மாமா" என்றான் அவன், தரையைப் பார்த்து.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அறிக்கை அதிகாரி வாழ்க்கையில் முதல்தடவையாக நிஜ எண் ஒன்றைப் பார்க்கப் போகும் ஆவலில் இருந்தாள். "அனுமதி குடுத்துடுங்களேன்" என்று மைத்துனனிடம் கெஞ்சினாள். அத்தனை பேர் பார்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாமல் அவன் அழுத்திவிட்டான். கணக்கு திரையில் கொட்டியது.

அம்புகள் பச்சையாகவே இருந்தன. அறிக்கை இத்தனை காலம் சொன்னதைவிட நிஜம் உயரமாக இருந்தது. ஊரே அடைப்பு எடுக்க ஆள் தேடியிருந்தது. தேடியவர்கள் பிளம்பரின் முகத்தைப் பார்த்திருந்தார்கள், நம்பி உள்ளே வந்திருந்தார்கள், நம்பரை அழுத்தியிருந்தார்கள். நாள் தவறாமல் அழுத்தியிருந்தார்கள். பழக்கத்தில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கைதட்டல் ஓயும்வரை பிளம்பர் காத்திருந்தார். பிறகு, இவ்வளவு பேர் கூப்பிட்டிருக்கிறார்களே, அந்தப் போனெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார்.

இயக்குநர் உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டார். "நல்ல கேள்வி சார். நாங்க பொய் சொல்லலங்கிறது இப்பவாவது தெரிஞ்சுதா? அழைப்புங்கிறது ஒரு சமூகச் செல்வம். அது ஒரே ஆளுக்குப் போறது ஆரோக்கியமான வளர்ச்சி இல்ல. அதனால தேவைப்படுற மத்த பிளம்பர்களுக்குப் பகிர்ந்து குடுக்கிறோம். அவங்க அதுக்கு எங்களக் கவனிச்சுக்கிறாங்க. உங்கள மறக்கலையே. கட்டுரை பத்தின சந்தேகம், ஆராய்ச்சிக் கேள்வி, இந்த மாதிரி தரமான அழைப்புகள உங்களுக்குன்னே ஒதுக்கி வெச்சோம்."

"என் மூஞ்சியக் காட்டித்தானே கூப்பிட வெக்கிறீங்க?"

"உங்க முகத்துல ஒரு நேர்மை இருக்கு சார். வேற முகங்கள் வெச்சுப் பாத்தோம். ஒருத்தரும் நம்பல." இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்றார் பிளம்பர். உடனே செய்யலாம், உரிமையாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் இயக்குநர். எல்லோரும் மைத்துனனைப் பார்த்தார்கள். அவனுக்கு அன்று காலையில்தான் "பகிர்வுப் பிரிவு மேலாளர்" என்று பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள் என்பதையும் இயக்குநர் அந்த நேரம் பார்த்து மகிழ்ச்சியோடு அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

"இதுக்கெல்லாம் ஒரு ப்ராசஸ் இருக்கு மாமா" என்றான் மைத்துனன். அவ்வளவுதான் அவன் சொன்னது.

வெளியே போகும்போதும் எல்லோரும் எழுந்து நின்று கை நீட்டினார்கள். பிளம்பர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

வீட்டில் மனைவியிடம் உடனே சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அவளுடைய தம்பி. அவள் கையால் வாரிவிட்ட தலை. எப்படிச் சொன்னாலும் அவள் தம்பியைக் குறை சொல்வதாகத்தான் ஆகும் என்று விழுங்கிக்கொண்டு திரிந்தார். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றது. அதைக்கூட எட்டிப் பார்க்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஊரார் வீட்டு அடைப்பையெல்லாம் எடுக்கிற மனுஷன் வீட்டில் தண்ணீர் தேங்குகிறதே என்று அவள்தான் பிடித்து உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டாள். சொன்னார்.

அவள் நம்பவில்லை. நம்பவில்லை என்பதைவிட, நம்ப மறுத்தாள். கம்பெனிக்காரர்கள் அவனை மாட்டிவிட்டிருப்பார்கள், அவன் வாயில்லாப் பூச்சி, மாமா என்றால் உயிரை விடுவான் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிளம்பர் தம் போனில் அந்த வெப்சைட்டைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். ரெஞ்சோடு நிற்கும் தன் புருஷனைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அவள் தன் போனை எடுக்காமல், பக்கத்து வீட்டுக்காரியின் போனை இரவல் வாங்கி வந்து அந்த நம்பரை அழுத்தினாள். சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தாள்.

எதிர்முனையில் உடனே எடுத்தார்கள்.

"வணக்கம், சொல்லுங்க. பிளம்பரோட தம்பிதான் பேசுறேன். எங்க அண்ணன் வேற வேலையில இருக்காரு. தைரியமா சொல்லுங்க, நம்ம குடும்பத் தொழில்."

நாள் முழுவதும் போனில் பேசிப் பிழைக்கிறவள் அவள். பேசுவது தன் தம்பிதான் என்று தெரிந்த பிறகும், குரலை மாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. கிச்சன் சிங்க் அடைத்திருக்கிறது, அவசரம் என்றாள்.

"அட்ரஸ் சொல்லுங்கம்மா."

தெருவின் பெயரைச் சொன்னாள். அவன் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. வீட்டு நம்பரைச் சொன்னாள். சத்தம் நின்றது.

"அக்கா, இந்த லைன் ரெக்கார்ட் ஆகுது" என்றான், மிகவும் தணிந்த குரலில்.

"ஆகட்டும்" என்றாள் அவள், சொந்தக் குரலில். "உங்க மாமா பக்கத்துலதான் இருக்காரு. அவர் வீட்டுக்கு எந்தப் பிளம்பர அனுப்பப் போறன்னு சொல்லு."

பிளம்பர் முன்னால் குனிந்து போனையே பார்த்தார். அழுதால்கூடப் போதும், மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டால்கூடப் போதும் என்று அவருக்கு இருந்தது. எதிர்முனையில் யாரோ அவன் பின்னால் வந்து நிற்பதுபோல நாற்காலி நகரும் ஓசை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மன்னிக்கணும் மேடம். உங்க ஏரியாவுக்கு இப்ப சர்வீஸ் இல்ல" என்றான். தொடர்பு அறுந்தது.

அவள் போனைத் துடைத்து, திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளைப் போல ஓரமாக வைத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிளம்பர் எழுந்து போய்த் தம் பையிலிருந்து ரெஞ்சை எடுத்துக்கொண்டு வந்தார். தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கேட்காமலே வாளியை எடுத்து அடியில் வைத்தாள்.